கூட்டம் வரவில்லை என்றார்கள்



1979ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் ஒரு பேஸ்பால் ஆட்டம் நடந்தது. உள்ளூர் அணி ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ். எதிரணி சியாட்டில் மரினர்ஸ். ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய கொலீசியம் மைதானத்தில் அன்றைக்குப் பதிவான வருகை 653. அதுவும் விற்ற டிக்கெட்டின் கணக்குதான். வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் அதைவிடக் குறைவு. அந்த அணி ஒன்றுக்கும் உதவாத அணியும் இல்லை. 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வேர்ல்ட் சீரிஸ் கோப்பையை வென்ற அணி. ஐந்தே ஆண்டுகளில் அதன் ரசிகர்கள் எங்கே போனார்கள்?

அமெரிக்காவில் ஒரு அணி ஊரைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் முதலில் சொல்லப்படும் காரணம் கூட்டம் வரவில்லை என்பது. அந்த எண்ணைக் காட்டியதும் பேச்சு முடிந்துவிடுகிறது. ஊர்க்காரர்களும் தலைகுனிந்து ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். இந்த உரையில் நான் அந்த எண்ணுக்குப் பின்னால் போய்ப் பார்க்க நினைக்கிறேன். ஓக்லண்டில் கூட்டம் குறைந்தது உண்மை. அதைக் குறைத்தவர்கள் அணியை வைத்திருந்த முதலாளிகள். குறைத்த பிறகு, அந்தக் குறைவையே ஊர்மேல் சுமத்திய குற்றப்பத்திரிகையாக மாற்றினார்கள். இதுதான் என் கட்சி.

பேஸ்பால் நமக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஆட்டம் என்பதால் ஒரு விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஐ.பி.எல். அணி ஒன்று லீக் சுற்றில் சொந்த மைதானத்தில் ஆடுவது வழக்கமாக ஏழு ஆட்டங்கள். அமெரிக்க பேஸ்பால் அணி ஒரு சீசனில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அதில் 81 சொந்த ஊரில். செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் ஆட்டம், புதன்கிழமை மத்தியானமும் ஆட்டம். திருவிழாக் கூட்டத்தை நம்பி இதை நடத்த முடியாது. வேலை முடிந்து ரயிலேறிப் போய் உட்காருகிறவர்கள் வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு ஆட்டக்காரர்மேல் பிரியம் வந்து, அவர் பெயர் போட்ட சட்டையைக் கேட்டு அடம்பிடிக்க வேண்டும். இந்தப் பழக்கம் உருவாகப் பல வருஷம் பிடிக்கும். கெடுக்க அவ்வளவு நாள் தேவையில்லை.

1901இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த அணி அத்லெட்டிக்ஸ். 1955இல் கன்சாஸ் சிட்டிக்குப் போனது. 1968இல் ஓக்லண்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர் சார்லி ஃபின்லி, காப்பீட்டுத் தொழிலில் பணம் சேர்த்தவர். திறமையான ஆட்களை மோப்பம் பிடிப்பதில் அவருக்கு நிகர் இல்லை. அந்த மூன்று கோப்பைகளும் அவர் காலத்தில் வந்தவைதான். ஆனால் ஆட்டக்காரர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே பேசிக்கொள்ளும் சுதந்திரம் வந்தவுடன் அவர் அணியைப் பிரித்து விற்க ஆரம்பித்தார். 1976இல் ஜோ ரூடி, ரோலி ஃபிங்கர்ஸ், வைடா ப்ளூ என்ற மூன்று பெரிய ஆட்டக்காரர்களைப் பணத்துக்கு விற்கப் பார்த்தார். பேஸ்பால் கமிஷனர் பவி கூன் தலையிட்டு அதை ரத்துசெய்தார். அப்படியும் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

1978இல் நடந்ததைக் கேளுங்கள். சீசன் தொடங்கும்போது அணியின் ஆட்டங்களை ஒலிபரப்ப ஒரு முறையான வானொலி நிலையம் இல்லை. பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய கே.ஏ.எல்.எக்ஸ். என்ற 10 வாட் நிலையம் அந்த வேலையைச் செய்தது. 10 வாட் என்றால் பக்கத்து ஊரில் சரியாகக் கேட்காது. மூன்று முறை உலகக் கோப்பைக்கு நிகரான ஒன்றை வென்ற அணியின் குரல், சொந்த ரசிகர்களின் வீட்டு வானொலிக்குப் போய்ச் சேரவில்லை. அன்று மைக்கைப் பிடித்த மாணவர்களில் ஒருவர் லாரி பேர். பின்னாளில் அவர் வளைகுடாவின் எதிர்க்கரையிலிருக்கும் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியின் தலைமைப் பொறுப்புக்கே வந்தார். ஒரு வருஷம் கழித்து, 1979இல், அத்லெட்டிக்ஸ் 108 ஆட்டங்களில் தோற்றது. சீசன் முழுவதும் வந்தவர்கள் 3,06,763 பேர். ஆட்டத்துக்கு நாலாயிரம் பேர்கூட இல்லை. அதற்குள் ஃபின்லி அணியை டென்வருக்குக் கொண்டுபோக நினைத்தவரிடம் விலை பேசிக்கொண்டிருந்தார் என்பது ஊருக்கே தெரியும். போகப்போகிற அணிக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்? பாதி ஷட்டரை இறக்கிவைத்துக்கொண்டு, வியாபாரம் இல்லை என்று தெருவைத் திட்டும் கடைக்காரரைப் போல இருந்தது அவர் பேச்சு.

ஊர்தான் காரணம் என்றால் அடுத்து நடந்தது நடந்திருக்கக் கூடாது. 1980இல் வால்டர் ஹாஸ் அணியை வாங்கினார். லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனத்தை நடத்திய குடும்பம் அவருடையது. அணி ஓக்லண்டிலேயே இருக்கும் என்று அவர் சொன்னார். அலுவலகத்துக்கு ஆட்களை எடுத்தார், வானொலியைச் சரிசெய்தார், விளம்பரம் செய்தார், பள்ளிகளுக்கும் பொதுவேலைகளுக்கும் பணம் கொடுத்தார். 1982இல் அணி மோசமாக ஆடி 94 ஆட்டங்களில் தோற்றது. அந்த ஆண்டு வந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். அதே ஊர், அதே மைதானம், மூன்றே வருஷம். தோற்கிற அணியைப் பார்க்க ஐந்து மடங்குக்கு மேல் கூட்டம் வந்தது. ஓக்லண்டிலேயே வளர்ந்த ரிக்கி ஹெண்டர்சன் அந்த சீசனில் 130 பேஸ்களைத் திருடினார் என்பதும் ஒரு காரணம். அந்தச் சாதனை இன்றுவரை நிற்கிறது. பந்து எறிபவரின் கண்ணெதிரிலேயே அடுத்த பேஸுக்குப் பாய்ந்து சேர்வதுதான் அந்தத் திருட்டு. அவர் முதல் பேஸில் நின்றாலே கேலரி எழுந்து நிற்கும்.

கேலரி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சேப்பாக்கத்தில் நாம் வரிசை வரிசையாக எழுந்து கை தூக்கி உட்காருகிறோமே, அந்த அலை. மெக்சிகோ உலகக் கோப்பையில் பிறந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். தொலைக்காட்சியில் பதிவான முதல் அலை 1981 அக்டோபர் 15ஆம் தேதி ஓக்லண்ட் கொலீசியத்தில் எழுந்தது. நியூயார்க் யாங்கீஸ் அணியோடு ஆட்டம். கிரேஸி ஜார்ஜ் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த ஒருவர் கையில் மேளத்தோடு பகுதி பகுதியாக ஓடி, ஜனங்களை எழுப்பி எழுப்பி அதை ஆரம்பித்துவைத்தார். கூட்டமாக உட்காருவதற்கே ஒரு புது வழியை உலகத்துக்குக் கொடுத்த ஊர் இது. அந்த ஊரைப் பார்த்துத்தான் ரசிகர்களே இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

1989இல் கோப்பை மறுபடி வந்தது. 1990இல் வருகை 29 லட்சம், சரியாகச் சொன்னால் 29,00,217. ஆட்டத்துக்குச் சராசரி 35,000க்கும் மேல். அந்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணிக்குக் கிடைத்த கூட்டம் 20 லட்சத்தைத் தொடவில்லை. இந்தக் காலத்தில்தான் ஹாஸ், தெற்கே சான் ஹோசே வட்டாரத்தின் உரிமையை ஜயண்ட்ஸுக்கு விட்டுக்கொடுத்தார். பக்கத்து அணி நல்ல மைதானம் கட்டிப் பிழைக்கட்டும் என்ற நல்ல எண்ணம். காசு எதுவும் வாங்கவில்லை. அந்த உரிமை திரும்பி வரவே இல்லை. பின்னால் அத்லெட்டிக்ஸ் சான் ஹோசேக்குப் போக நினைத்தபோது ஜயண்ட்ஸ் அந்தத் தாளைக் காட்டி வழியை மறித்தது. சான் ஹோசே நகராட்சி வழக்குப் போட்டது. 2015இல் உச்சநீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. வழக்கு நிற்காததற்குக் காரணம், பேஸ்பாலுக்கு மட்டும் போட்டிச் சட்டத்திலிருந்து 1922 முதல் இருக்கும் விலக்கு.

1995இல் ஹாஸ் குடும்பம் அணியை விற்றது. அதே ஆண்டு ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஓக்லண்டுக்குத் திரும்பியது. அவர்களுக்காக கொலீசியத்தின் திறந்த பக்கத்தில் ராட்சத கேலரி ஒன்றை எழுப்பினார்கள். அதுவரை உட்கார்ந்தவர்களுக்கு எதிரே ஓக்லண்டின் குன்றுகள் தெரியும். மாலை வெயிலில் பழுப்பேறிய அந்தக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பது ஒரு சுகம். கேலரி எழுந்ததும் குன்று மறைந்தது, எதிரே கான்கிரீட் சுவர். ரெய்டர்ஸ் முதலாளி ஆல் டேவிஸின் பெயரால் ஜனங்கள் அதை மவுண்ட் டேவிஸ் என்றார்கள். கட்டுமானம் முடியாததால் 1996 சீசனின் முதல் ஆறு சொந்த ஆட்டங்களை அத்லெட்டிக்ஸ் லாஸ் வேகஸில் போய் ஆடியது. அந்த ஊரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேலரிக்கு வாங்கிய கடனை, ரெய்டர்ஸ் 2020இல் அதே லாஸ் வேகஸுக்குப் போன பிறகும் ஓக்லண்டின் வரிப்பணம்தான் அடைத்தது. அடுத்த மைதானத்துக்குப் பொதுப்பணம் கேட்டபோது நகரம் ஏன் தயங்கியது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

இங்கே எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்க வேண்டும். 2000க்குப் பிறகு அணி நன்றாக ஆடிய ஆண்டுகள் உண்டு. அப்போதும் மைதானம் நிறையவில்லையே என்பார்கள். நியாயமான கேள்வி. மைக்கேல் லூயிஸ் 2003இல் எழுதிய 'மனிபால்' புத்தகமும், பிராட் பிட் நடித்து 2011இல் வந்த படமும் இங்கே பலருக்குத் தெரியும். பணம் குறைந்த அணி, புள்ளிவிவரங்களை வைத்துப் பணக்கார அணிகளை எப்படி எதிர்கொண்டது என்ற கதை. 2002 செப்டம்பர் 4ஆம் தேதி தொடர்ந்து இருபதாவது வெற்றிக்காக ஆடிய இரவு, 11-0 என்ற முன்னிலையைக் கோட்டைவிட்டு, கடைசியில் ஸ்காட் ஹாட்டபர்க் அடித்த ஹோம் ரன்னால் 12-11 என்று ஜெயித்தார்கள். அன்று கொலீசியத்தில் 55,528 பேர் இருந்தார்கள். ஆக, வரவேண்டிய நாளில் வந்தார்கள்.

படம் பேசாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தப் புத்திசாலித்தனத்தின் விலையைக் கொடுத்தவர்கள் ரசிகர்கள். ஜேசன் ஜியாம்பி 2001 சீசனோடு யாங்கீஸுக்குப் போனார். மிகுவெல் தெஹாடா 2003 சீசனோடு போனார். டிம் ஹட்சன், மார்க் மல்டர் இருவரும் 2004 டிசம்பரில் ஒரே வாரத்தில் கைமாறினார்கள். ஜாஷ் டொனால்ட்சனை 2014இல் டொராண்டோவுக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே அவர் அந்த லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று ஆசைப்பட்டு வாங்கிய சட்டையின் முதுகில் உள்ள பெயர், அந்தச் சட்டை சிறிதாவதற்குள் வேறு ஊருக்குப் போய்விடுகிறது. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது சட்டையை அந்தப் பிள்ளை கேட்காது. சிக்கனமாக அணி நடத்துவதை நான் குறைசொல்லவில்லை. எல்லோரும் மாற்றிக்கொள்ளத்தக்க சரக்கு என்று வருஷா வருஷம் காட்டிவிட்டு, விசுவாசம் எங்கே என்று கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2005இல் லூ உல்ஃபும் ஜான் ஃபிஷரும் அணியை வாங்கினார்கள். ஃபிஷர், கேப் துணிக்கடை நிறுவனத்தைத் தொடங்கியவர்களின் மகன். 2006இல் மேல் அடுக்கு முழுவதையும் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மலிவான இருக்கைகளில் பல அங்கேதான் இருந்தன. உள்ளூரில் முதலீடு இல்லை. பேச்செல்லாம் அடுத்த ஊரைப் பற்றி. முதலில் ஃப்ரீமாண்ட். நம் பிள்ளைகள் நிறையப் பேர் குடியிருக்கும் அதே ஃப்ரீமாண்ட்தான்; இங்கே உட்கார்ந்திருக்கும் சிலர் அங்கே போய்ப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். 2006இல் அறிவித்த அந்தத் திட்டம் 2009இல் கைவிடப்பட்டது. அப்புறம் சான் ஹோசே. அப்புறம் ஓக்லண்ட் துறைமுகத்தில் ஹோவர்ட் டெர்மினல். இதற்கிடையில் பழைய மைதானம் சீரழிந்தது. 2013 ஜூனில் கழிவுநீர் பின்வாங்கி ஆட்டக்காரர்களின் அறைகளுக்குள் புகுந்து, இரண்டு அணியினரும் ரெய்டர்ஸின் அறைக்குப் போய்க் குளிக்க வேண்டியதாயிற்று. ஜனங்கள் அப்போதும் வந்தார்கள். 2014இல் 20 லட்சம் பேர். வலதுபக்க மலிவு இருக்கைகளில் மேளமும் கொடியுமாக ஒரு கூட்டம் எல்லா ஆட்டத்துக்கும் வரும். 2019இல் ஒரு நாக்-அவுட் ஆட்டத்துக்கு 54,005 பேர் வந்தது அந்த வகை ஆட்டத்தில் சாதனை.

2022 சீசனுக்கு முன்னால் மாட் ஓல்சன், மாட் சாப்மன், கிறிஸ் பாசிட், ஷான் மனையா என்று வரிசையாக எல்லோரையும் அனுப்பினார்கள். அதே நேரத்தில் சீசன் டிக்கெட் விலை கடுமையாக ஏறியது. நல்ல அணியை எடுத்துவிட்டு விலையை ஏற்றினால் என்ன ஆகும் என்று கணக்கு தெரிந்த யாருக்கும் தெரியும். 2022 மே 2ஆம் தேதி 2,488 பேர். 2023 மே 15ஆம் தேதி 2,064 பேர். அந்த 2023 ஏப்ரலில்தான் லாஸ் வேகஸில் நிலம் பார்த்தாகிவிட்டது என்ற செய்தி வந்திருந்தது. ஓக்லண்ட் மேயர் ஷெங் தாவ் ஹோவர்ட் டெர்மினல் பேச்சுவார்த்தையை நிறுத்தினார். காலி நாற்காலிகளின் படங்கள் நாடு முழுக்கச் சுற்றின. பாருங்கள், இந்த ஊருக்கு எதற்கு அணி என்றார்கள்.

அப்போது ரசிகர்கள் செய்த காரியத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். புறக்கணிப்பு என்றால் போகாமல் இருப்பது. போகாமல் இருந்தால் அது முதலாளிக்குச் சாதகமான சாட்சியாகிவிடும். எனவே தலைகீழான புறக்கணிப்பு ஒன்றைத் திட்டமிட்டார்கள்: ஒரு சாதாரண வேலைநாளைக் குறித்துக்கொண்டு எல்லோரும் போவது. குறித்த நாள் 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. எதிரணி டாம்பா பே ரேஸ், அப்போது லீகிலேயே முன்னணியில் இருந்தது. ரசிகர் குழுக்கள் பணம் திரட்டி ஆயிரக்கணக்கில் பச்சைச் சட்டைகள் அடித்தார்கள். அதில் ஒரே சொல்: விற்றுவிடு. பார்க்கிங் திடலில் மத்தியானத்திலிருந்தே அடுப்பு மூட்டிச் சமையல், மேளம், இலவசச் சட்டை விநியோகம். உள்ளே போனவர்கள் 27,759 பேர்.

ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது, பேசிவைத்தபடி, அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு பேட்டர் ஆடி முடிக்கும் வரை அந்தப் பெரிய மைதானத்தில் சத்தமே இல்லை. அவர் போனதும் இருபத்தேழாயிரம் குரல்கள் ஒன்றாக எழுந்தன: அணியை விற்றுவிடு. அந்த சீசனில் 112 ஆட்டங்களில் தோற்ற அந்த அணி அன்று 2-1 என்று ஜெயித்தது. அது தொடர்ந்து ஏழாவது வெற்றி. அன்றைய டிக்கெட் வருமானத்தைத் தர்ம காரியங்களுக்குக் கொடுப்பதாக நிர்வாகம் அறிவித்தது. கமிஷனர் ராப் மான்ஃப்ரெட் இரண்டு நாள் கழித்து, ஏறத்தாழ லீகின் சராசரிக் கூட்டம் ஓர் இரவுக்கு வந்திருக்கிறது என்ற அளவில் அதை ஒதுக்கினார். அந்தப் பேச்சு என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. கடைசி இடத்தில் கிடந்த அணிக்கு, முதலாளியே விட்டுப்போகத் துணிந்த அணிக்கு, சொந்தக் காசில் அந்த ஜனங்கள் சராசரியை நெருங்கிக் காட்டினார்கள். அதே வாரத்தில் நெவாடா மாநிலம் லாஸ் வேகஸ் மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரையிலான பொதுப்பணத்துக்குச் சட்டம் போட்டது. நவம்பரில் அணி உரிமையாளர்கள் கூடி, இடமாற்றத்துக்கு ஒருமனதாக ஒப்புதல் கொடுத்தார்கள்.

ஓக்லண்டில் கடைசி ஆட்டம் 2024 செப்டம்பர் 26. டெக்சஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று வென்றார்கள். 46,889 பேர் வந்தார்கள். பயிற்சியாளர் மார்க் காட்சே மைதானத்தில் நின்று நன்றி சொன்னார்; கேலரியில் அழாதவர்கள் குறைவு. அதற்குப் பிறகு அணி போன இடம் வெஸ்ட் சாக்ரமெண்டோ. சுமார் 14,000 பேர் கொள்ளும், இரண்டாம் நிலை அணி ஒன்றின் மைதானம். லாஸ் வேகஸில் 33,000 இருக்கைகளோடு புது மைதானம் 2028இல் தயாராக வேண்டும். அதுவரை வாடகை வீடு. பெயரில் ஊரே இல்லை, வெறும் அத்லெட்டிக்ஸ். 2025இல் அங்கே சராசரி வருகை பத்தாயிரத்தை எட்டவில்லை. ஓக்லண்டில் ஆடிய கடைசி ஆண்டில் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் அதைவிட அதிகம்; சீசன் முழுவதும் ஒன்பது லட்சத்துக்கு மேல்.

மாற்று வழி இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் அடைத்துவைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் க்ரீன் பே பேக்கர்ஸ் என்றொரு அணி. ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். 1923 முதல் அந்த அணி பொதுமக்களான பங்குதாரர்களுக்குச் சொந்தம்; 1960 முதல் சீசன் டிக்கெட் எல்லாம் முன்கூட்டியே விற்றுப்போகிறது. யாரும் அதை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பேஸ்பாலில் ஜோன் க்ராக், மெக்டொனால்ட்ஸ் ரே க்ராக்கின் மனைவி, தன்னிடமிருந்த சான் டியேகோ பாட்ரஸ் அணியை நகரத்துக்கே தானமாகக் கொடுக்க முன்வந்தார். நடத்துவதற்குப் பணமும் சேர்த்துத் தருகிறேன் என்றார். மற்ற அணி முதலாளிகள் ஒப்பவில்லை. அவர் 1990இல் அணியை விற்றுவிட்டார். ஊர் ஒரு அணிக்குச் சொந்தக்காரராக ஆகிவிட்டால், கணக்குப் புத்தகத்தையும் ஊரே திறந்து பார்க்கும் என்ற பயம் அதில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஓக்லண்ட் சும்மா இருக்கவில்லை. 2024இல் ஓக்லண்ட் பாலர்ஸ் என்ற சிறிய அணி ஆடத் தொடங்கியது. பயனியர் லீக் என்ற கீழ்நிலை லீகில் ஆடுகிறது. ரைமண்டி பார்க் என்ற பழைய பூங்காவைச் சீர்செய்து, கேலரி போட்டு மைதானமாக்கினார்கள். அணியின் பங்குகளை ரசிகர்களுக்கே விற்றார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கினார்கள். கொலீசியத்தில் மேளம் அடித்தவர்கள் அங்கேயும் மேளம் அடிக்கிறார்கள். 2025இல் அந்த அணி லீகின் கோப்பையை வென்றது. பங்கு வாங்கியவர்களின் பிரதிநிதிக்கு நிர்வாகக் குழுவில் இடம் உண்டு. அணியை ஊரைவிட்டுக் கொண்டுபோவதென்றால் இனி அவர்களையும் கேட்டாக வேண்டும்.